எண்ணெய் சீரத்தில் கரையாத தூளும் பிரியும் துளியும்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மழை பிடித்துவிட்டால் என் மேசையில் குப்பிகள் சேர ஆரம்பிக்கும். நாகர்கோவில், தக்கலை, குலசேகரம் பக்கத்து மகளிர் குழுக்களுக்கு சோப்பும் தைலமும் செய்யக் கற்றுக்கொடுப்பது என் வேலை. வீட்டில் செய்த முக சீரம் கெட்டுவிட்டது என்று யாராவது ஒரு குப்பியை நீட்டாத வாரம் குறைவு. குப்பிகள் பல விதம், கோளாறு பெரும்பாலும் ஒரே விதம்: தண்ணீரில் மட்டும் கரையும் பொருளைக் கொண்டுபோய் எண்ணெயில் போட்டிருப்பார்கள். அஸ்கார்பிக் அமிலம் என்கிற வைட்டமின் சி, நியாசினமைட், ஹயலூரானிக் அமிலம், பாந்தெனால், கிளிசரின், கற்றாழைச் சாறு, தேன், பன்னீர், குங்குமப்பூ எல்லாம் தண்ணீர்க் கட்சி. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ பாதாம் எண்ணெயோ இவற்றைச் சேர்த்துக்கொள்ளாது.

கரையாததைக் கரைக்க மல்லுக்கட்டுவதைவிட அதைக் குப்பிக்கு வெளியே வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கட்சி. கீழே சொல்லும் வழிகளில் பாதி அங்கேதான் போய் முடியும்.

சோதனைக்கு வேண்டியவை: ஒரு கண்ணாடித் தட்டு, துளிக்குழல், ஆப்ப சோடா, புண்ணுக்குப் போடும் பொவிடோன் அயோடின், கொஞ்சம் பஞ்சு. எந்தச் சோதனைக்கும் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள்.

## அறிகுறி 1: அடியில் தூள் படிகிறது

படிந்திருப்பது எது என்று தெரிந்துகொள்ளாமல் வேறு எதையும் சேர்க்க வேண்டாம். மேலே தெளிந்த எண்ணெயை வடித்துவிட்டு, அடியில் தங்கியதைக் கொஞ்சம் எடுத்துத் தட்டில் வையுங்கள். டிஷ்யூ தாளால் எண்ணெயை ஒற்றி எடுங்கள். பத்துத் துளி தண்ணீர் விட்டுக் குச்சியால் கிளறுங்கள்.

### தண்ணீரில் கரைந்துவிட்டால்

அந்தக் கரைசலில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுங்கள். நுரைத்தால் வைட்டமின் சி. நுரைக்காவிட்டால் பெரும்பாலும் நியாசினமைட்.

செலவில்லாத வழி: எண்ணெயைக் குப்பியிலும் தூளை ஈரம் புகாத சிறு டப்பாவிலும் தனித்தனியாக வையுங்கள். பூசும் நேரத்தில் உள்ளங்கையில் பத்துத் துளி சுத்தமான தண்ணீர், அதில் இரண்டு மூன்று கடுகு அளவு தூள். விரலால் குழைத்துக் கரைத்து முகத்தில் தடவி, ஒரு நிமிடம் விட்டு, மேலே இரண்டு துளி எண்ணெய். தூள் உலர்ந்தே இருப்பதால் கெடாது, எண்ணெயில் தண்ணீர் சேராததால் அதுவும் கெடாது. குழுவில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. குப்பியில் எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் சீரம் என்கிற மரியாதை கிடைக்கிறது போலும்.

சிறு செலவு வழி: அடித்தளத்தை மாற்றுங்கள். தண்ணீர் இல்லாத சீரம் என்றால் எண்ணெயாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. நியாசினமைட் 1 கிராம் சுமார் 10 மில்லி கிளிசரினில் கரையும். ஆகவே 5 விழுக்காடு சீரத்துக்கு இடம் தாராளம். வெந்நீர்க் கிண்ணத்தில் குப்பியை வைத்து மெல்லக் கலக்கினால் போதும். வெறும் கிளிசரின் நம் ஊர் புழுக்கத்தில் முகத்தில் பசையாக நிற்கும். கிளிசரின் போன்றதே ஆனாலும் பசை குறைந்த திரவமான புரொப்பேன்டையாலைப் பாதிக்குப் பாதி கலந்தால் தாங்கலாம். வைட்டமின் சி இந்த வழிக்கு ஒத்துவராது. கிளிசரின் 100 மில்லியில் சுமார் 1 கிராம்தான் கரையும்.

கூடிய செலவு வழி: எண்ணெயில் கரையும்படி மாற்றிய வைட்டமின் சி வாங்குங்கள். டெட்ராஹெக்ஸைல்டெசில் அஸ்கார்பேட், அஸ்கார்பைல் டெட்ராஐசோபால்மிடேட் என்ற பெயர்களில் வரும். தூளாக இருக்காது, எண்ணெய் போன்ற திரவம். சாதாரண வைட்டமின் சி தூளைவிட விலை பல மடங்கு. நியாசினமைட்டுக்கு இப்படி எண்ணெயில் கரையும் உறவுக்காரர் யாரும் வீட்டு உபயோகத்துக்குக் கிடைப்பதில்லை.

வீண் வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெயைச் சூடாக்கினால் தூள் கரையாது, வைட்டமின் சிதான் பாழாகும். மிக்சியில் அரைத்தால் படிவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். கடையில் கிடைக்கும் வைட்டமின் சி பசைகள் மிக நுண்ணிய தூளைக் கெட்டியான சிலிக்கோனில் நிறுத்தி வைப்பவை. அந்த நுண்மையை மிக்சி தராது. பாலிசார்பேட் 80 ஊற்றினால் சரியாகும் என்பதும் நடக்காது. அது எண்ணெயையும் தண்ணீரையும் கலக்க வைக்கும் பொருள், உலர்ந்த தூளை எண்ணெயில் கரைக்கும் பொருள் இல்லை. அது சேர்ந்த எண்ணெய் ஈரக் கையிலிருந்து தண்ணீரை எளிதாக வாங்கிக்கொள்ளும் என்பது கூடுதல் தொல்லை.

### ஜெல்லாக வீங்கினால்

ஹயலூரானிக் அமிலம், அல்லது சாந்தன் போன்ற பசைத்தூள். எண்ணெயில் இதற்கு வேலையே இல்லை. வடிகட்டி எடுத்துவிடுங்கள். வேண்டுமென்றால் தண்ணீரில் ஜெல்லாகச் செய்து, கெடாமல் காக்கும் பதனப்பொருள் சேர்த்து, தனிக் குப்பியில் வைத்து முதலில் அதையும் மேலே எண்ணெயையும் பூசலாம்.

### தண்ணீரிலும் கரையாமல் கிடந்தால்

கஸ்தூரி மஞ்சள், அதிமதுரம், ஆவாரம்பூ போன்றவற்றின் நாரும் மாவும். இரட்டை மல் துணியில் வடிகட்டினால் தீர்ந்தது.

சத்து எண்ணெயில் இறங்கியதா என்ற கேள்விக்கு நிறம் ஓரளவு பதில் சொல்லும். வேம்பாளம்பட்டையைத் தேங்காய் எண்ணெயில் போட்டால் குப்பி முழுவதும் சிவக்கிறது, ஏனென்றால் அதன் சாயம் எண்ணெயில் கரையும். செம்பருத்திப் பூ எத்தனை போட்டாலும் சிவப்பு ஏறாது, அந்தச் சாயம் தண்ணீரில் கரைவது. இரணியலிலிருந்து வந்த ஒரு குப்பியில் குங்குமப்பூ இழைகள் வாரக்கணக்கில் ஊறியும் சிவப்பு குறையாமல் அடியில் கிடந்தன, எண்ணெய் செக்கிலிருந்து வந்த நிறத்திலேயே இருந்தது. ஓர் இழையை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டதும் மஞ்சள் இறங்கத் தொடங்கியது. குங்குமப்பூவின் நிறம் தரும் குரோசினும் தண்ணீர்க் கட்சிதான். “இவ்வளவு விலை கொடுத்து வாங்கியது அக்கா” என்று அந்தப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டார். இழைகளைப் பாலில் போட்டுக் குடித்துவிடச் சொல்லவும் முடியவில்லை, எண்ணெய் ஏறியிருந்தது.

பழைய முறைத் தைலங்களில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மூலிகையைக் கஷாயமாக்கி, எண்ணெயோடு சேர்த்து, தண்ணீர் முழுதும் வற்றும்வரை காய்ச்சி, மெழுகுப் பதம், மணல் பதம் என்று பார்த்து இறக்குவது. இந்த மாவட்டத்து வர்ம ஆசான்கள் தைலம் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சூட்டைத் தாங்கும் மூலிகைகளுக்கு அது பொருந்தும். வைட்டமின் சி தூளை அந்த உருளியில் போட வேண்டாம்.

## அறிகுறி 2: அடியில் துளிகள் உருள்கின்றன, அல்லது இரண்டு அடுக்காகப் பிரிகிறது

குப்பியைச் சாய்த்து அடியைப் பாருங்கள். அடுக்கு மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் எண்ணெயோடு சேராத ஒன்று உள்ளே இருக்கிறது.

முதல் சந்தேகம் குப்பியின் மேல்தான் வர வேண்டும். கழுவிய குப்பி சரியாக உலர்ந்ததா? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கவிழ்த்து வைத்த குப்பியின் கழுத்து மரையிலும் துளிக்குழலின் ரப்பருக்குள்ளும் மறுநாளும் ஈரம் நிற்கும். செய்முறையில் தண்ணீரே இல்லை என்று சத்தியம் செய்பவர்களின் குப்பியில் தண்ணீர் வரும் வழி இதுதான். கண்ணாடிக் குப்பியை வெதுவெதுப்பான அடுப்பு மேடையில் முழு நாள் காயவையுங்கள், துளிக்குழலைப் பிரித்துத் தனியாகக் காயவையுங்கள்.

அடுத்த சந்தேகம் எண்ணெய். வீட்டில் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெயிலும் சரியாகக் காயாத கொப்பரையில் ஆட்டிய எண்ணெயிலும் ஈரம் தங்கும். பஞ்சை மெல்லிய திரியாக உருட்டி அந்த எண்ணெயில் தோய்த்து, தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். சடசடவென்று வெடித்தால் ஈரம் இருக்கிறது. அமைதியாக எரிந்தால் இல்லை. ஈரம் இருக்கிற எண்ணெயைச் சீரம் செய்வதற்கு முன் குறைந்த தீயில் குமிழி அடங்கும்வரை காய்ச்சி ஆறவிடலாம். வைட்டமின் இ போன்றவற்றை ஆறிய பிறகே சேர்க்க வேண்டும்.

இரண்டும் சரியென்றால், நீங்களே ஊற்றியதுதான் பிரிந்திருக்கிறது:

கிளிசரின்: அடர்த்தி 1.26. எண்ணெயின் அடர்த்தி 0.92 பக்கம். எவ்வளவு குலுக்கினாலும் கீழேதான் வந்து உட்காரும். பிரித்து எடுத்துத் தனியாகப் பயன்படுத்தலாம்.

தேன்: மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பெருமையில் எல்லோரும் எண்ணெயில் ஒரு கரண்டி விடுகிறார்கள். அடியில் போய் உறைந்து நிற்கும். ரப்பர் தோட்டத் தேனில் நீர்ச்சத்து கூடுதலாக இருக்கும். காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்துப் புளிக்கத் தொடங்கினால் எண்ணெயையும் கெடுத்துவிடும். பூசும் நேரத்தில் கையில் கலந்து பதினைந்து நிமிடத்தில் கழுவிவிடுகிற பூச்சுக்கு மட்டும் தேனை வைத்துக்கொள்ளுங்கள்.

கற்றாழைச் சாறு, பன்னீர்: இவை ஏறக்குறைய முழுவதும் தண்ணீர். சேர்த்து இரண்டு நாளுக்கு மேல் ஆகியிருந்தால் குப்பியைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள். பிரிந்த தண்ணீர் அடுக்கில்தான் கிருமிகள் வளரும், அவை கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்த பூச்சுதான் வேண்டும் என்றால் அது லோஷன். எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் நிறுத்தும் தேர்ந்த குழம்பாக்கி, பினாக்ஸிஎத்தனால் போன்ற பதனப்பொருள் (1 விழுக்காட்டைத் தாண்டாமல்), பி.எச். என்கிற புளிப்பு அளவு எல்லாம் பார்த்துச் செய்ய வேண்டிய வேறு வேலை. அங்கே முறையாகப் பயிற்சி பெற்றவரிடம் போங்கள்.

## அறிகுறி 3: குப்பி முழுவதும் வெள்ளையாக மங்குகிறது

கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் குப்பியைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள்.

முழுவதும் தெளிந்துவிட்டால் கோளாறே இல்லை. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி விடியலில் பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் இது வழக்கம். உறைவது பிடிக்காவிட்டால் பாதியை நல்லெண்ணெயாகவோ பாதாம் எண்ணெயாகவோ மாற்றிக்கொள்ளுங்கள்.

தெளிந்தும் அடியில் துளி நின்றால் அறிகுறி 2. தூள் நின்றால் அறிகுறி 1. சூட்டிலும் பால்போல் மங்கியே இருந்தால் குழம்பாக்கியும் ஈரமும் கலந்திருக்கின்றன. திரிச் சோதனை செய்து, வெடித்தால் கொட்டுங்கள்.

## அறிகுறி 4: தேய்க்கும்போது நறநறவென்கிறது, எரிகிறது

நறநறப்பு என்றால் கரையாத தூள். எண்ணெயில் படிகமாகவே மிதக்கும் வைட்டமின் சி, முகத்தின் வியர்வையைத் தொட்டதும் அந்த இடத்தில் மட்டும் கரைந்து கடும் புளிப்பாகிறது. ஒரு புள்ளியில் எரிச்சல், பக்கத்தில் ஒன்றும் இல்லை என்பது இதன் அடையாளம். பி.எச். தாளை எண்ணெயில் நனைத்து “சரியாகத்தான் காட்டுகிறது” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெயில் அந்தத் தாள் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

முகத்தைத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். பிறகு அளவைச் சரிபாருங்கள். 30 மில்லி குப்பியில் எண்ணெய் ஏறக்குறைய 27 கிராம்; அதில் 1 விழுக்காடு என்பது 0.27 கிராம். 1 கிராமுக்குக் கீழே காட்டாத சமையலறைத் தராசில் இதை நிறுக்க முடியாது. கால் கரண்டி, அரைக் கரண்டி என்று போட்டவர்கள் நினைத்ததைவிடப் பல மடங்கு போட்டிருப்பார்கள். 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்று வாங்குங்கள். இந்தத் தொழிலில் வேறு எந்தச் செலவையும் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

நறநறப்பு இல்லாமல் எரிந்தால் வாசனைக்குச் சேர்த்ததைச் சந்தேகியுங்கள். மாறாமலைக் கிராம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் கிராம்புத் தைலத்தை முக எண்ணெயில் விடுகிற பழக்கம் இங்கே உண்டு. கறிக்கும் பல்வலிக்கும் அது நல்லது, முகத்துக்கு வேண்டாம். எலுமிச்சைச் சாறும் அப்படியே. சாறு எண்ணெயில் கலக்காது என்பது ஒருபுறம், தோலில் பட்டு வெயிலில் போனால் கறுத்துக் கொப்பளிக்கவும் செய்யும்.

கழுவிய பிறகும் ஒரு மணி நேரம் எரிச்சல் தணியாவிட்டாலும், கொப்புளம் வந்தாலும், கண் இமை வீங்கினாலும் தோல் மருத்துவரிடம் அன்றைக்கே போய்விடுங்கள்.

## அறிகுறி 5: மஞ்சளாகி, பழுப்பாகிறது

வைட்டமின் சி போட்ட குப்பியா? படிந்த தூளைத் தண்ணீரில் கரையுங்கள். வேறு கிண்ணத்தில் தண்ணீரில் ஒரு துளி பொவிடோன் அயோடின் விட்டு, அதில் தூள் கரைசலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். பழுப்பு நிறம் மறைந்தால் வைட்டமின் சி இன்னும் வேலை செய்கிறது. நிறம் மறையாமல் அப்படியே இருந்தால் கெட்டுவிட்டது, கொட்டலாம். தூள் டப்பாவே பழுத்திருந்தால் மழைக்காற்று புகுந்திருக்கிறது. ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு மூடி வையுங்கள், அடைமழை நாளில் திறக்காதீர்கள்.

வைட்டமின் சி இல்லாத குப்பி என்றால், வைட்டமின் இ நாளடைவில் கறுப்பது இயல்பு. மஞ்சள் போட்டது வெயிலில் வெளுக்கும். பழுப்புநிறக் குப்பிக்கு மாறுங்கள்.

## அறிகுறி 6: வாடை மாறுகிறது, புள்ளி தெரிகிறது

கனைத்த வாடை, சிக்கு வாடை: எண்ணெய் கெட்டுவிட்டது. மழைக்காலக் கொப்பரை எண்ணெயில் இது சீக்கிரம் வரும். வைட்டமின் இ 0.5 விழுக்காடு வரை முன்கூட்டியே சேர்த்தால் தள்ளிப்போடலாம். கெட்ட பிறகு சேர்த்துப் பயனில்லை. விளக்குக்கு ஊற்றுங்கள்.

புளித்த வாடை, மூடியைத் திறந்ததும் காற்று வெளியேறும் சத்தம்: தேனோ கற்றாழையோ நொதித்திருக்கிறது. புள்ளி, நூல், பாசி: பூஞ்சை. இந்த இரண்டையும் திரும்பக் காய்ச்சி, வடிகட்டி மீட்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். விளக்குக்கும் வேண்டாம், குப்பியோடு போகட்டும்.

கிளிசரின் அடித்தளச் சீரத்தில் இந்த ஆபத்து வேறு வழியில் வரும். கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஆனி, ஆடிச் சாரலில் மூடாமல் வைத்தால் தண்ணீரே ஊற்றாத குப்பியில் தண்ணீர் சேரும். குளியலறை அலமாரியில் வைக்காதீர்கள், ஈரக் கையால் எடுக்காதீர்கள்.

## அறிகுறி 7: சில நாள் கழித்து முகத்தில் பொரி பொரியாகக் கிளம்புகிறது

சீரத்தை நிறுத்துங்கள். வேறு எதையும் புதிதாகத் தொடங்காதீர்கள்.

மூக்கு, தாடை ஓரத்தில் வெண்முளை, கருமுளை வந்தால் எண்ணெய் உங்கள் தோலுக்குக் கனம். தேங்காய் எண்ணெய் பலருக்கு இப்படிச் செய்யும், தலைக்குப் பூசுகிறவர்களுக்கு நெற்றியிலும். நெற்றியில் ஒரே அளவில், அரிப்போடு வந்தால் பூஞ்சை சார்ந்த பருவாக இருக்கலாம். வியர்வையும் எண்ணெயும் அதற்குத் தீனி. அதற்கு வீட்டு மருந்து தேடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பூசிய இடம் முழுவதும் சிவந்து தடித்தால் ஒவ்வாமை. அடங்கிய பிறகு, சந்தேகப்படும் பொருளை ஒவ்வொன்றாக முழங்கை உட்புறத்தில் நாளுக்கு இருமுறை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். முன்பு கடும் ஒவ்வாமை வந்தவர்கள் இந்தச் சோதனையையும் மருத்துவர் சொல்லாமல் செய்ய வேண்டாம்.

சீழ், காய்ச்சல், கண்ணைச் சுற்றி வீக்கம் இருந்தாலும், கர்ப்பிணியாக இருந்தாலும், பெயர் ஒட்டாத வெள்ளையாக்கும் கிரீம் கூடவே பூசி வந்திருந்தாலும் காத்திருக்காதீர்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகில் உள்ள தோல் மருத்துவரிடமோ போங்கள். அந்த கிரீமில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும் என்பதால் அதைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். சீரம் குப்பியையும், என்னென்ன எவ்வளவு போட்டீர்கள் என்ற சீட்டையும் கொண்டுபோங்கள். சீட்டு இல்லையென்றால் வாங்கிய பாக்கெட்டுகளையே பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

## விற்கிறவர்களுக்கு மட்டும்

அக்கம்பக்கத்துக்குக் கொடுத்த குப்பி ஒன்று மேலே சொன்ன எந்த அறிகுறியோடு திரும்பி வந்தாலும் அந்தத் தொகுப்பு முழுவதையும் நிறுத்துங்கள். அழகுசாதனப் பொருள் தயாரித்து விற்க 1940ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டமும் 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளும் உரிமம் கேட்கின்றன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். அந்த நிலையில் திரியும் ஆப்ப சோடாவும் போதாது. எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் பெராக்சைடு அளவு, நுண்ணுயிர் எண்ணிக்கை ஆகியவற்றை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். மாதிரியை அனுப்பும்போது புதிதாகச் செய்ததோடு, அதே தொகுப்பில் ஒரு மழைக்காலம் திறந்து மூடிப் பயன்படுத்திய குப்பி ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். புதிய குப்பி மட்டும் போனால் அறிக்கை எப்போதும் நன்றாகத்தான் வரும்.